கல் வைத்தவர்களும் கல் இல்லாதவர்களும்: கண்டி கெரிசன் மயானத்தைப் பார்த்துவிட்டு எழுதுவது



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இதன் கடைசிப் பகுதிக்கு அவர்களுடைய உதவிதான் தேவை.

நாலந்தாவில் இருந்து கண்டிக்குப் போய்வருவது நமக்குப் புதிதல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், பெருநாளைக்கு உடுப்பு வாங்கப் போகிறோம், கந்தோர் வேலைக்குப் போகிறோம். ஆனால் தலதா மாளிகைக்குப் பின்பக்கம், நூதனசாலையைத் தாண்டி மேலே ஏறும் சின்னப் பாதையின் முடிவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் நம்மில் அநேகருக்குத் தெரியாது. அங்கே உடவத்தை காட்டின் ஓரமாக வெள்ளைக்காரர்களின் பழைய மயானம் ஒன்று இருக்கிறது. கெரிசன் மயானம் என்பார்கள். கெரிசன் என்றால் கோட்டையில் நிலைகொண்ட படை. வரலாறு படிக்கும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஆசிரியர்கள் நாங்கள் சிலர் அங்கே போய் வந்தோம்.

பிள்ளைகளில் ஒருவர் போகுமுன்பே கேட்டார்: "சேர், அவங்கட கபுறுகளைப் பார்த்து நமக்கு என்ன பிரயோசனம்?" நல்ல கேள்வி. இந்தப் பதிவு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இரண்டு வருடத்தில், 1817இல், இந்த மயானம் தொடங்கியது. நகர எல்லைக்குள் அடக்கம் செய்யக்கூடாது என்ற தடை வந்ததால் 1870களில் மூடப்பட்டது. அதற்குப் பிறகு மஹய்யாவை மயானம்தான். தேயிலையை இந்நாட்டில் பெருந்தொழிலாக ஆக்கிய ஜேம்ஸ் டெய்லர் 1892இல் இறந்தபோது அவரை அங்கேதான் அடக்கினார்கள். கெரிசன் மயானத்தில் ஏற்கனவே உறவினர் அடங்கியிருந்த சிலருக்கு மட்டும் பின்னரும் விசேட அனுமதி கிடைத்தது. அப்படிக் கடைசியாக 1951இல் அடக்கப்பட்டவர் ஆனி பிரிட்ஸ் என்ற பெண்மணி.

மொத்தம் 195 கபுறுகள். நல்ல புல்தரை, சுற்றி மரங்கள், நகரத்தின் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. ஒரு காலத்தில் பற்றை மூடிக் கிடந்த இடம், 1998இல் திருத்தப்பட்டது. இப்போது சுத்தமாக வைத்திருக்கிறார்கள்.

கற்களை வாசிக்க வாசிக்க மாணவர்களின் முகம் மாறியது. அவர்கள் எதிர்பார்த்தது வயதான தொரைமார். அங்கே கிடப்பவர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் குறைவு. மலேரியா, கொலரா, வயிற்றோட்டம். குழந்தைகளின் கபுறுகள் நிறைய. தாயும் பிள்ளையும் அடுத்தடுத்துப் போன குடும்பங்களும் உண்டு.

சிலரின் முடிவு கதை போல இருக்கும். ஜோன் ஸ்பொட்டிஸ்வூட் ரொபர்ட்சன் என்பவரை 1856இல் காட்டு யானை அடித்துக் கொன்றது. அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும். இலங்கையில் யானையால் இறந்ததாகப் பதிவான ஏழாவது ஐரோப்பியர், கடைசி ஐரோப்பியரும் அவர்தான் என்று சொல்கிறார்கள். நம் பக்கத்துக்கு யானை புதுமையல்ல, பிள்ளைகள் இந்தக் கல்லின் அருகில்தான் அதிக நேரம் நின்றார்கள். டேவிட் பின்ட்லே என்பவர் 1861இல் தன்னுடைய வீடே இடிந்து விழுந்து இறந்தார். வில்லியம் வொட்சன் மக்வூட் 1867இல் குதிரையில் இருந்து இறங்கும்போது நிலத்தில் நட்டிருந்த கூரான கம்பு குத்தி இறந்தார்.

பெரிய மனிதர்களும் இருக்கிறார்கள். கண்டி வீழ்ச்சிக்குப் பின்னால் இருந்து சூத்திரம் இழுத்தவர் என்று நாம் வகுப்பில் படிப்பிக்கும் சேர் ஜோன் டொயிலி அங்கேதான் கிடக்கிறார். சிங்களம் படித்து, கண்டிப் பிரதானிகளுக்குள் ஒற்றர்களை வைத்து, 1815 உடன்படிக்கை வரைக்கும் கொண்டுவந்தவர். ஊருக்குத் திரும்பவே இல்லை. 1824 மே மாதம் காய்ச்சலில் இறந்தார். ஆளுநர் வில்லியம் கிரகரியின் மனைவி எலிசபெத்தும் அங்கேதான். கணவர் பதவிக்கு வந்த மறு வருடமே, 1873இல், அவர் மௌத்தாகிவிட்டார். ஆளுநரின் மனைவிக்கும் சாதாரண சிப்பாய்க்கும் காய்ச்சல் ஒரே மாதிரித்தான் வந்திருக்கிறது.

நமக்கு மிகவும் நெருக்கமானது கப்டன் ஜேம்ஸ் மக்ளாஷனின் கபுறு. நெப்போலியனுக்கு எதிரான வோட்டர்லூ யுத்தத்தில் உயிர் தப்பியவர். 1817இல் திருகோணமலையில் இருந்து கண்டிக்கு நடந்தே வந்திருக்கிறார். விடாத மழை, நனைந்த உடுப்போடு படுக்கை, காய்ச்சல் கண்டு இறந்தார். வயது இருபத்தாறு. திருகோணமலையில் இருந்து கண்டிக்கு அந்தக் காலத்து வழி மாத்தளைப் பக்கமாகத்தான் வந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எங்கட ஊரால போயிருப்பாரோ?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி வந்ததும் பாடம் தானாகவே ஊருக்குத் திரும்பியது.

இன்னொரு விஷயம். "வெள்ளைக்காரர்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். வந்தவர்கள் எல்லோரும் ஆங்கிலேயர் இல்லை. ஒல்லாந்தக் கம்பனியின் படையிலும் கந்தோரிலும் ஏராளமான ஜெர்மானியர் இருந்தார்கள். 1796இல் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கடைசி ஒல்லாந்த ஆளுநர் வன் அங்கெல்பேக் பிறந்தது இன்றைய ஜெர்மனியில் உள்ள விட்மண்ட் என்ற ஊரில். பறங்கியர் சமூகத்தின் பெரும் சட்டத்தரணியும் பத்திரிகையாளருமான சார்ள்ஸ் அம்புரோஸ் லோரன்ஸின் தகப்பனார் பிரஷ்யாவில் இருந்து வந்தவர். கோப்பிக் காலத்தில் பிராங்பர்ட் நகரத்து வோர்ம்ஸ் சகோதரர்கள் மொரிசும் கேப்ரியலும் வந்தார்கள். தாய் வழியில் றொத்சைல்ட் குடும்பம். புசல்லாவையில் 1841 அளவில் தோட்டம் திறந்து, சீனாவின் தேயிலைச் செடியையும் நட்டுப் பார்த்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, விற்றுவிட்டு, போய்விட்டார்கள். அவர்களுடைய கபுறு இங்கே இல்லை, ஆனால் றொத்சைல்ட் தோட்டம் என்ற பெயர் இன்றும் பஸ்ஸில் கேட்கும் பெயர். முன்பு சொன்ன ஆனி பிரிட்ஸின் குடும்பப் பெயரும் ஜெர்மானியர் வைக்கும் பெயர்தான்.

ஜெர்மனியர் குடியேறிய வேறு நாடுகளில், அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும், குடும்பத்துக்கென்று தோட்டத்தின் மூலையில் சின்ன மயானம் வைப்பார்கள். பேரப்பிள்ளைகள் வருடா வருடம் வந்து புல் வெட்டுவார்கள், பெயர்ப் பட்டியல் வைத்திருப்பார்கள். கெரிசன் மயானத்துக்கும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. யார், எந்த வயதில், எதனால் இறந்தார் என்று பார்க்கலாம். 1913இலேயே ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் சேவை உத்தியோகத்தர், இலங்கை முழுவதும் இருந்த ஐரோப்பியரின் கல்லறை எழுத்துக்களைச் சேர்த்து, அவரவர் வரலாற்றையும் எழுதிப் பெரிய புத்தகமாக வெளியிட்டார். கல் உடைந்தாலும் பெயர் தப்பும்படி செய்துவிட்டார்கள். இதை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

மாத்தளை நகரத்து மயானத்தின் பழைய வாயிலைப் பார்த்திருப்பீர்கள். அது மயானத்துக்காகக் கட்டியது இல்லை. 1803இல் ஆங்கிலேயர் கட்டிய மக்டொவல் கோட்டையின் வாயில். அந்த வருடம் ஜூன் மாதம் கண்டியில் இருந்த ஆங்கிலப் படை சரணடைந்து அழிந்தது. மாத்தளைக் கோட்டையில் இருந்த கப்டன் மட்ஜ், நடக்க முடியாத நோயாளிகளை விட்டுவிட்டு இரவோடு இரவாகப் புறப்பட்டு, ஜூலை தொடக்கத்தில் திருகோணமலை போய்ச் சேர்ந்தார். விட்டுப்போன நோயாளிகளுக்குக் கல் இல்லை.

அதே ஜூனில் கண்டியில் பிடிபட்டவர்களில் மலாய்ப் படையின் கப்டன் நூருதீனும் இருந்தார், நம் மலாய்ச் சகோதரர்களின் முன்னோர். தன் பக்கம் சேர்ந்தால் பெரிய பதவி என்று அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அழைத்தும், செய்த சத்தியத்தை மாற்ற மாட்டேன் என்று மறுத்தார். அவரும் அவருடைய சகோதரரும் கொல்லப்பட்டார்கள். வோட்டர்லூ கப்டனுக்குக் கல் இருக்கிறது. வாக்கு மாறாத இந்தக் கப்டனின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. அது நம் வாசலில் கிடக்கிறது.

இன்று ஏ9 என்று சொல்லும் இந்த வீதியின் வழியாகத்தான் கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டு மக்கள் நடந்து வந்தார்கள். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து ஏழைகள். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை. நூற்றைம்பது மைல் அளவு நடை. கங்காணி முன்னால், பெண்களும் பிள்ளைகளும் பின்னால். குளத்துத் தண்ணீரைக் குடித்து, மரத்தடியில் படுத்து வந்தவர்கள். கொலராவும் காய்ச்சலும் வழியிலேயே பிடித்தது. நடக்க முடியாதவரை விட்டுவிட்டுக் கூட்டம் நடந்தது, நின்றால் எல்லோருக்கும் ஆபத்து என்று. மாத்தளை வந்து சேர்ந்தவர்கள் மலைக்கு ஏறிப்போனார்கள். சேராதவர்கள் இந்த வழியின் இரண்டு பக்கத்திலும் கிடக்கிறார்கள்.

1840களில் இப்படி வந்தவர்களில் நாலில் ஒருவர், சுமார் 70,000 பேர், இறந்துபோனதாக 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணக்குச் சொன்னது. தோட்ட உரிமையாளர்களுக்கு வேண்டிய பத்திரிகையே சொன்ன கணக்கு அது. 1858இல் கூலியாட்கள் வருகைக்கென்று ஆணைக்குழு அமைத்து, அதன் பிறகே வழியில் தங்குமடம், கிணறு, வைத்தியசாலை என்று ஒழுங்குகள் ஆரம்பித்தன. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். அதற்குள் கோப்பிக்கே இலை நோய் வந்து தொழில் விழத் தொடங்கிவிட்டது.

கெரிசன் மயானத்தில் 195 பேர். இறந்த காரணம் வரை தெரியும். இந்த வழியில் 70,000 என்று கணக்கு. ஒரு பெயராவது சொல்ல முடியுமா? மாணவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதிக் காட்டினோம். வகுப்பு அமைதியாகிவிட்டது.

இரண்டு பக்கமும் காய்ச்சலில்தான் இறந்தார்கள், இரண்டு பக்கமும் தாய்மார் அழுதார்கள். கல் வெட்டக் காசும், எழுத ஆளும் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது. அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கபுறுகளைப் பார்த்து இரக்கப்படுவதில் குறை ஒன்றும் இல்லை. அந்த இரக்கத்தை நம் வீதியோரத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்பதுதான் நாங்கள் சொல்வது.

பெயர் இல்லாமல் போனால் என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். நட்டம் செத்தவருக்கு இல்லை, பேரப்பிள்ளைகளுக்கு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிடம் கேட்டது என்ன? உன் தகப்பன் இங்கே பிறந்தானா, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, அத்தாட்சி காட்டு. வழியில் செத்தவனின் பிள்ளை எந்தப் பத்திரத்தைக் காட்டுவது? ஏழு இலட்சம் அளவிலான மக்கள் நாடற்றவர் ஆனார்கள். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்களை இரண்டு நாடுகளும் எண்ணிக்கை பேசிப் பங்கு பிரித்தன. 2003 வரைக்கும் அந்தப் பிரச்சினை இழுத்தது. நம் அயலில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் கேட்டுப் பாருங்கள், இதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நமக்கு இது வேறு யாருடையதோ கதை என்று நினைக்க வேண்டாம். நம் மூதாதையரில் பலர் இதே வழியில் தவளம் ஓட்டியவர்கள். கரையில் இருந்து உப்பும் கருவாடும் பொதி மாட்டில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய், பாக்கும் மிளகும் கொண்டு திரும்பியவர்கள். அவர்களுக்கும் கல் இல்லை.

அடக்கம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2020இல் நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவைப்படவில்லை. கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஜனாஸாவைக் கையில் எடுக்க முடியாமல் எத்தனை குடும்பங்கள் துடித்தன. 2021 பெப்ரவரியில் அந்தத் தடை நீங்கி, மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்கள். பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் பக்கத்தில் கிடக்கிறார்கள். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் போய் நிற்க ஓர் இடம் இல்லை. மண்ணும் பெயரும் ஒரு குடும்பத்துக்கு என்ன என்பதை அனுபவித்து அறிந்த சமூகம் நாம்.

அப்படிப்பட்ட நாம் நம் மையவாடியை எப்படி வைத்திருக்கிறோம்?

கபுறின் மேல் கட்டடம் எழுப்பச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. நம் மார்க்கத்தில் கபுறு எளிமையாக இருப்பதுதான் முறை, அதில் மாற்றம் வேண்டாம். மீசான் கல்லும் காலப்போக்கில் சாயும், மண்ணுக்குள் போகும், அதுவும் இயல்புதான். ஆனால் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வைப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை. பல ஊர்களில் மௌத்தான திகதியும் பெயரும் இருக்கும், எந்தப் பக்கத்தில் அடக்கினோம் என்பது இருக்காது. அதற்கும் முந்திய தலைமுறை முழுக்க முழுக்கப் பெரியவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. "அந்த மாமரத்துக்கு இந்தப் பக்கம் எங்கட வாப்பும்மா" என்று சொல்ல ஓர் ஆள் இருக்கும்வரை சரி. மாமரத்தை வெட்டி, சொன்னவரும் மௌத்தாகிவிட்டால் அதோடு முடிந்தது.

நம் ஊரில் நாலந்தா கெடிகே இருக்கிறது. போவத்தன்னை நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடும் என்று அந்தக் கல் கட்டடத்தைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் கொண்டுவந்து 1980இல் பழையபடி நிறுத்தினார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கம் இருந்தால்தான் அதைச் செய்ய முடியும். கல்லுக்குச் செய்ததை ஆட்களுக்குச் செய்வது கஷ்டமான வேலை இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாணவர்களோடு சேர்ந்து நாங்கள் ஒரு பெயர்க் கொப்பி தொடங்குகிறோம். ஒவ்வொரு குடும்பத்திலும் இருந்து நமக்கு வேண்டியது இவ்வளவுதான்:

1. மௌத்தானவரின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர். பெண்களின் பெயரை விட வேண்டாம். "இன்னாரின் மனைவி" என்று மட்டும் எழுதினால் அந்தப் பெயர் அழிந்துபோகும்.

2. எந்த ஊரில் பிறந்தவர், எப்போது இங்கே வந்த குடும்பம், என்ன தொழில்.

3. மௌத்தான வருடம். சரியாகத் தெரியாவிட்டால் "பெரிய வெள்ளத்துக்குப் பிறகு", "மூத்த மகன் பிறந்த வருடம்" என்று சொன்னாலும் போதும்.

4. மையவாடியில் எந்தப் பக்கம்.

5. வீதியோரமாகவோ காணி மூலையிலோ பழைய அடக்கம் ஒன்று இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தால், அதுவும். அது யாருடையதாக இருந்தாலும், முஸ்லிமோ தமிழரோ சிங்களவரோ, எழுதிக்கொள்வோம்.

வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு அரை மணித்தியாலம் கொடுங்கள். தேத்தண்ணி கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, மூத்தம்மாவையும் அப்பாவையும் பேச விடுங்கள். பழைய நிக்காஹ் பத்திரம், காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்தால் எடுத்து வையுங்கள். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். எதையும் கொண்டுபோக மாட்டார்கள்.

அயலில் உள்ள தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களோடும் பேசியிருக்கிறோம். தோட்டப் பக்கத்துக் குடும்பங்களின் நடைவழிக் கதைகளை அவர்கள் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கொப்பியையும் பிறகு ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

கண்டிக்குப் போகும்போது அந்த மயானத்தையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சத்தம் போடாமல், கல்லில் ஏறாமல், எழுத்தைக் கையால் சுரண்டாமல் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். கெரிசன் மயானத்தில் நம்மவர் யாரும் இல்லை என்றாலும், தம்முடையவரின் பெயரை ஒரு சமூகம் எப்படிக் காப்பாற்றி வைக்கலாம் என்று அங்கே படிக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் கொப்பியோடு இருப்போம். முதலாவது பக்கத்தில் யாருடைய பெயர் வரப்போகிறது என்று பிள்ளைகள் ஆவலாக இருக்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்களைத் தேடி நாங்களே வருகிறோம்.

வஸ்ஸலாம்.